பிளாவும் பேணியும்

2023 ஜனவரி முதலாம் திகதி பாரிசில் எங்கள் றெஸ்ரோறன்றின் முதலாளி பாக்குமட்டைத் தட்டுப் பெட்டிகளைக் களஞ்சியத்துக்குள் தள்ளிவிட்டுப் பீங்கான் கோப்பைகளை இறக்கினார். 2020 பெப்ரவரியில் பிரான்சில் நிறைவேறிய சட்டமொன்றின்படி, இருபது பேரோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடக்கூடிய உணவகங்கள், உள்ளே சாப்பிடுவோருக்கு ஒருமுறை பாவித்து வீசும் பாத்திரங்களைக் கொடுக்கலாகாது. பிளாஸ்ரிக் மட்டுமல்ல; கடதாசியும் மட்டையும்கூட இதற்குள் அடங்கும். "இது மரத்திலிருந்து விழுந்த மட்டைதானே, இதற்கு ஏன் தடை?" என்று முதலாளி சலித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குக் கோப்பை கழுவும் வேலை கூடியது. வரலாற்றுப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். கைகள் சவர்க்கார நீரில் ஊறிக்கொண்டிருக்க, முதலாளியின் கேள்வி மட்டும் மனதில் கிடந்தது.

எங்களவரின் ஒன்றுகூடல்களில், நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்ற பேச்சு இப்போது அதிகம் கேட்கிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துப் பனை ஓலை செய்யாத வேலை எது? அரிசிக்குப் பெட்டி, சுமக்கக் கடகம், பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, மீனுக்கு உமல், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கொட்டைப்பெட்டி. எல்லாவற்றிலும் எனக்கு வியப்பைத் தருவது குட்டான். காய்ச்சிய பதநீரைச் சூட்டோடு அதற்குள் வார்ப்பார்கள். அது இறுகிப் பனங்கட்டியாகும். வார்ப்பதற்கான அச்சும், விற்பதற்கான உறையும் அந்த ஒரே ஓலைதான். இன்று லா சப்பல் கடையொன்றில் அதே குட்டானைப் பொலித்தீன் பைக்குள் போட்டு ஒட்டி விற்கிறார்கள்.

அந்தப் பொலித்தீனின் வரலாறு நீண்டதன்று. 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்ரனில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், கிப்சன், போசெற் என்ற இருவர் எதிலீன் வாயுவை உயர் அழுத்தத்தில் வைத்துப் பரிசோதித்தபோது, எதிர்பாராமல் மெழுகு போன்றதொரு பொருள் கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அது ராடர் கருவிகளின் கம்பிகளுக்குக் காப்புறையாயிற்று. இன்று நாம் கையில் தூக்கும் பையை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்ரென் குஸ்ராவ் துலின். 1965இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கடதாசிப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தந்தையார் அதனைச் செய்தார் என்றும், தனது பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தார் என்றும் துலினின் மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். பை கெட்டுப்போனதற்குக் காரணம் வீசியெறியும் பழக்கம். வடிகால்களை அடைத்த பைகளால் வெள்ளத்தில் அவதிப்பட்ட வங்காளதேசம், 2002இல் உலக நாடுகளில் முதலாவதாக மெல்லிய பொலித்தீன் பைகளைத் தடைசெய்தது. இலங்கையில் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மனிதர்களைப் புதைத்த பின்னரே, அந்த ஆண்டு செப்ரெம்பரில் சோற்றுப்பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள் தடைக்குள்ளானது.

எனவே ஓலைக்குத் திரும்புவோம் என்று இக்கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். அப்படி முடிக்க என்னால் முடியவில்லை. ஓலைக்கும் சிரட்டைக்கும் நமது ஊரில் இன்னொரு வரலாறும் இருக்கிறது.

கள்ளுத் தவறணையில் எவரும் பிளாவில் குடித்தார்கள், குடித்துவிட்டு எறிந்தார்கள். தேநீர்க்கடையில் அப்படியல்ல. உள்ளே வாங்கில் இருந்தவருக்கு மூக்குப்பேணி. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு வெளியே நிலத்தில் வைத்துச் சிரட்டையிலோ, போத்தலிலோ, தகரப்பேணியிலோ தேநீர். சிரட்டை இன்று சூழலுக்கு இசைவான பொருள் என்று பாராட்டப்படுகிறது. அன்று அது கையில் கொடுக்கப்பட்டது வேறொரு காரணத்துக்காக: அவர் வாய்வைத்த பாத்திரத்தைக் கழுவி இன்னொருவர் பாவிக்கக்கூடாது என்பதற்காக.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் தாளில் இருந்தது, சிரட்டை வெளியில் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரால் தாக்கப்பட்டது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. சங்கானை உட்படப் பல இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. உயிர்களும் பலியாயின. ஒரு பேணியில் தேநீர் குடிப்பதற்காக மனிதர்கள் செத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதை வெறும் படிப்பாக நான் எழுதவில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், கடைக்காரர் பழைய கொப்பித்தாளில் சீனி சுருட்டித் தந்த நாட்களில், எங்கள் வீட்டு வேலியில் ஒரு சிரட்டை செருகியிருந்தது. எங்கள் வளவுப் பனைகளில் கள்ளுச் சீவ வந்தவருக்கு அம்மம்மா அதில்தான் தேநீர் வார்ப்பார், உயரத்திலிருந்து. குடித்துவிட்டு, கழுவி, அவரே திரும்பவும் வேலியில் செருகுவார். அவருடைய மனைவி இழைத்த பெட்டியில்தான் எங்கள் அரிசி இருந்தது. பெட்டி வீட்டுக்குள் வந்தது, இழைத்தவர் வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும் அந்தச் சிரட்டை வேலியிலேயே இருந்தது.

இப்போது முதலாளியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பொருள் இயற்கையானதா என்பது பாதிக் கேள்வி. ஏன் வீசுகிறோம், யாருக்குக் கொடுத்து வீசுகிறோம், வீசாவிட்டால் யார் கழுவுவது என்பது மீதி. ஒரே கோப்பையைக் கழுவி நூறு பேர் சாப்பிடலாம் என்பதில் சூழலுக்கும் நன்மை, மனிதருக்கும் நன்மை. இந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன், என் கைவிரல்கள் வெடித்திருந்தாலும்.

ஒன்றைமட்டும் சொல்லவேண்டும். வாடிக்கையாளரின் கண்ணாடிக் குவளையில் நாங்கள் குடிப்பது முதலாளிக்குப் பிடிக்காது. உடைந்துவிடுமாம். குசினிக்குள் தயிர் வந்த வெறும் பிளாஸ்ரிக் பேணிகளில் அவரவர் பெயரெழுதி வைத்துக் குடிக்கிறோம். இதைச் சாதிக்கொடுமையோடு சமப்படுத்த மாட்டேன். நான் இந்த வேலையை விட்டு நாளைக்கே போகலாம். வேலியில் சிரட்டையைச் செருகியவருக்குப் போக இடமிருக்கவில்லை. ஆனால் இரவு வேலை முடிந்து அந்தப் பேணியைக் கழுவித் தட்டில் கவிழ்க்கும்போது அவரின் நினைவு வருகிறது. அவரை எங்கள் வீட்டில் யாரும் பெயர்சொல்லி அழைத்ததில்லை. அவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.