சான்றிதழோடு முடியாத பணி: பின்னலாடை வட்டாரத்தில் குழந்தை உளவியலாளரின் கடமை

சிக்கல்

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றை ஒட்டிய பேரூராட்சி கணியூர். வயலும் தென்னந்தோப்பும் உள்ள இந்தப் பக்கத்து மக்களை உடுமலை வட்டார நூற்பாலைகளும் வடக்கே திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் வேலைக்கு அழைக்கின்றன. ஆலை வேலையை நம்பிய வீட்டில் நாள் என்பதே ஷிப்டுக் கணக்குதான். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் 12 மணி நேரம். போக வர ஆகும் நேரம் தனி.

அப்படியொரு வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள 9 வயதுச் சிறுமி இருப்பதாகக் கொள்வோம். தாய் செக்கிங் வேலைக்கும் தந்தை தையலுக்கும் போகிறார்கள். பாட்டி நடமாடும் வரை குறையொன்றும் தெரிவதில்லை. பாட்டி படுத்த படுக்கையானதும், “ஹோம்ல விட்டுடலாமா?” என்ற பேச்சு வீட்டுக்குள் எழுகிறது. பெற்றோரின் பாசம் அன்றும் குறையவில்லை. பகலில் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்று விதித்தது. அதுவும் 6 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டுமே. இந்தச் சிறுமிக்கு 9 வயது.

இக்கட்டுரையின் வாதம் இது: குறைபாடுள்ள குழந்தைகளோடும் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளோடும் பணியாற்றும் உளவியலாளரின் வேலை, நுண்ணறிவை அளந்து தாள் எழுதித் தருவதோடு முடியக்கூடாது. குழந்தை ஒரு குடும்பத்துக்குள் வளர எந்த நேரத்தில் யாருடைய உதவி வேண்டும் என்று கண்டறிந்து, அது கிடைத்து நிலைபெறும்வரை உடன் நிற்பதே அவ்வேலையின் உயிர்ப்பகுதி.

சட்டம் வகுத்த வரிசை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 9-ஆம் பிரிவில், குறைபாட்டைக் காரணமாக்கி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. குழந்தையின் நலன் கருதித் தகுதிவாய்ந்த நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே விலக்கு. பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாதபோது முதலில் நெருங்கிய உறவினர்; அதற்கும் வழியில்லையெனில் அதே சமூகத்தில் ஒரு குடும்பச் சூழல்; விதிவிலக்கான நிலையில் மட்டும் காப்பகம் என்று வரிசையும் வகுத்துத் தருகிறது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவும் குடும்பச் சூழலையே முன்வைக்கிறது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015, ஆதரிக்க யாருமற்ற மாற்றுத்திறன் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கொள்கிறது. அதன் 44-ஆம் பிரிவு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்கிறது. உடன்பிறந்தோரைச் சேர்த்தே வைக்க முயல வேண்டும். பெற்றவர்கள் வந்து பார்க்க இடமுண்டு. குழு மாதந்தோறும் அந்த வீட்டை ஆய்வு செய்ய வேண்டும். இந்தப் பராமரிப்புக்கென ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது.

இரு சட்டங்களும் ஒரே சிறுமியைப் பற்றிப் பேசக்கூடியவை. ஆயினும் குறைபாட்டுச் சான்றும் உதவித்தொகையும் ஓர் அலுவலகத்தில், வளர்ப்புப் பராமரிப்பு வேறோர் அலுவலகத்தில் என்று கோப்புகள் பிரிந்து கிடக்கின்றன. மேலும், பெற்றோரே மனு எழுதிக் குழந்தையை ஒப்படைக்கும்போது, அது அவர்கள் விருப்பமாகப் பதிவாகிறது; 9-ஆம் பிரிவின் தடை எழவே இடமில்லாமல் போகிறது. இந்தப் பதிவை ஏற்க முடியாது. குறைபாடு இல்லாத 9 வயதுக் குழந்தை பள்ளி முடிந்ததும் அண்டை வீட்டில் அமர்ந்திருக்கும். இச்சிறுமிக்கு அந்த இடம் கிடைக்காததால்தான் அவள் காப்பகத்துக்குப் போகிறாள். ஆகவே அது குறைபாட்டின் பேரில் நிகழும் பிரிவே. 9-ஆம் பிரிவின் வரிசை அங்கும் பின்பற்றப்பட வேண்டும்.

எண்ணும் பட்டியலும்

ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் அறிவித்த வழிகாட்டி, வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணைக் குறைபாட்டுச் சதவீதமாக மாற்றியது. 36 முதல் 54 வரை மதிப்பெண் பெறும் குழந்தைக்கு 75 சதவீதம். உரிமைகளைப் பெற இந்த எண் வேண்டும். அதைப் பழித்துப் பயனில்லை. ஆனால் அச்சிறுமி சட்டையைத் தானே மாட்டுவாளா, பசித்தால் எப்படிக் கேட்பாள், யாரிடம் சிரிப்பாள் என்பதையெல்லாம் 75 என்ற எண் சொல்லாது. அவளை ஒரு நாள் பார்த்துக்கொள்ளப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிய வேண்டியவை இவைதான்.

இதற்கான கருவி நம் மண்ணிலேயே பிறந்திருக்கிறது. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய சென்னை வளர்ச்சிநிரல் முறை, அறிவுசார் குறைபாடு உள்ளோரின் திறன்களை 18 களங்களாகப் பிரிக்கிறது. களத்துக்கு 20 கூறுகள், மொத்தம் 360. உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், மொழி, காசு, நேரம், வீட்டு வேலை, ஓய்வு என அன்றாடத்திலிருந்து எடுத்த களங்கள் அவை. கூறுகள் எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறுகின்றன. குழந்தை எதைச் செய்யும் என்ற உடன்பாட்டுச் சொற்களில் அமைந்துள்ளன. அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும். சிறப்புப் பள்ளிகளுக்குப் பழக்கமான இப்பட்டியல், வளர்ப்புப் பராமரிப்புக் கோப்பிலும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

குடும்பம் தருவது

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் நடத்திய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். நாலரை வயதில் அவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 81. காப்பகக் குழுவினருக்கு 73. சீக்கிரமாக வீடு சேர்ந்தவர்கள் கூடுதலாக மீண்டனர். ஆனால் மரபணுக் கோளாறு கண்டறியப்பட்ட குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே அந்த எண்ணை நம் சிறுமிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று: அங்கே குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு யாரும் விலகிவிடவில்லை, சமூகப் பணியாளர்கள் அவ்வீடுகளுக்குத் தொடர்ந்து துணை நின்றார்கள்.

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு: காசுக்காகக் குழந்தையை ஏற்று, வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் இருக்கலாம். சொல்லத் தெரியாத குழந்தைக்கு இந்த ஆபத்து கூடுதல். இது மெய்யான அச்சம். அதனால்தான் மாதாந்தர ஆய்வு வெறும் கையெழுத்தாகக் கூடாது. பேச்சு வராத குழந்தையின் உறக்கத்திலும் உணவிலும் ஒதுங்கி நிற்பதிலும் தெரியும் மாற்றத்தை, முன்பே அவளை அறிந்த ஒருவரால்தான் படிக்க முடியும். அச்சம் மெய்யாக இருப்பதே, அதே உளவியலாளர் தொடர வேண்டும் என்பதற்கு வலுவான காரணம்.

இரண்டாவது: பயிற்சி பெற்றவர்கள் காப்பகத்தில் இருக்கிறார்கள், ஊர்க் குடும்பத்துக்கு அந்தத் திறன் ஏது? திறனைக் கற்பிக்கலாம், 360 கூறுகளும் வீட்டில் நடப்பவையே. அதைவிடக் கடினமான தடை கூலி. மாதம் 4,000 ரூபாய், தையல் மிஷினை விட்டு எழுந்துவரும் ஒரு பெண்ணின் சம்பளத்துக்கு ஈடாகாது. குறைபாடுள்ள குழந்தையை ஏற்கும் குடும்பத்துக்குத் தொகை உயர வேண்டும். முழுநாளும் ஏற்க முடியாதவர்கள் ஷிப்ட் நேரத்துக்கு மட்டும் ஏற்கவும் வழி வேண்டும். பகல் துணைக்குப் பணம் தந்தால் பல குழந்தைகள் பெற்றோரைப் பிரியவே தேவையிராது. அதுவே முதல் தேர்வு.

முடிவு

இளைஞர் நீதிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, குழந்தைகள் நலக் குழு உறுப்பினருக்கான தகுதிகளில் குழந்தை உளவியல் பட்டத்தையும் சேர்த்திருக்கிறது. குழுவுக்குள்ளே இடம் தந்த சட்டம், குழுவுக்கு வரும் அறிக்கையையும் ஒழுங்குபடுத்தட்டும். அறிக்கையில் மூன்று பக்கங்கள் கட்டாயமாகட்டும். முதலாவதில், காலை முதல் இரவு வரை எந்த மணியில் குழந்தையோடு யார் இருக்கிறார்கள் என்ற அட்டவணை. இரண்டாவதில், அவள் செய்யக்கூடியவையும் அடுத்துக் கற்க வேண்டியவையும். மூன்றாவதில், உறவினரையும் ஊர்க் குடும்பத்தையும் தேடிப் பார்த்த விவரம்; காப்பகமே வழியென்றால், அதை விதிவிலக்காக்கும் காரணம்.

நாம் எடுத்துக்கொண்ட சிறுமியின் முதல் பக்கத்தை நிரப்பினால், மாலையும் இரவும் ஞாயிறும் தாய் தந்தையால் நிறைந்திருக்கும். காலை எட்டரையிலிருந்து மாலை வரையிலான கட்டங்களே காலியாக இருக்கும். அந்தக் கட்டங்களில் எழுத ஒரு பெயரைத் தேடித் தெருவில் இறங்கி நடப்பதும், அப்பெயருக்குரியவருக்குக் கற்றுக்கொடுப்பதும், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போய்ப் பார்ப்பதும் உளவியலாளரின் வேலை.