நிறச்சாயல் நீக்கம்

டிஜிட்டல் படத்தில் ஒளியின் நிறம் பொருள்கள்மேல் ஏற்றிவிடும் சாயலைக் களையும் முறை. புகைப்படக்காரர் வழக்கில் ஒயிட் பேலன்ஸ் திருத்தம். தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்கள் இதன் சிக்கலைத் தெளிவாகக் காட்டும். அங்கே காவிச் சிவப்பே ஓங்கியிருப்பதால், படத்தின் சராசரி நிறம் சாம்பல் என்று கொள்ளும் தானியங்கித் திருத்தம் அச்சிவப்பையே பிழையாகக் கருதி நீலத்தைக் கூட்டிவிடும். ஆகவே சுவரருகே சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அட்டையின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளைச் சமமாக்கும் பெருக்கெண்களை அதே ஒளியில் எடுத்த மற்ற ரா (கேமரா பதப்படுத்தாத மூல) கோப்புகளுக்கும் இடுவதே நம்பத்தக்கது. பகலொளியின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின், மஞ்சள் குமிழ் விளக்கினுடையது சுமார் 2700. இரண்டும் ஒரே சுவரில் விழுந்தால் பகுதிவாரியாகத் திருத்த வேண்டும். விளக்கொளியில் பார்த்த ஓவியத்துக்கு மஞ்சள் சாயலே இயல்பு என்பாருண்டு. காட்சிப் படத்துக்கு அது பொருந்தலாம். நிறம் மங்குவதை ஆண்டுக்காண்டு ஒப்பிட வேண்டிய ஆவணப் படத்தில் அது பிழையே.