ஜமைக்காவிலிருந்து ஒரு முள்

பூண்டி ஏரிக்குக் கீழே கொசஸ்தலை ஆற்றங்கரை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் காலி மனைகள். எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம். இது நம்மூர் மரமே இல்லை, தெரியுமா உங்களுக்கு?

1876. சென்னை மாகாண வன அதிகாரி பெடோம், விறகுக்காக இதன் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்தது. 1877-ல் கடப்பா பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். காயைத் தின்ற ஆடுமாடுகள் ஊர் ஊராக விதைத்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், இதன் பங்காளி மரங்களை மெக்ஸிகோவின் கொலராடோ டெல்டாவில் ஆசையாக நட்டு வளர்க்கிறார்கள். அணைகள் வறளவைத்த பாலைவன ஆறு அது. 2014-ல் எட்டு வாரம் தண்ணீர் விட்டார்கள். கரையில் மரக்கன்றுகள் முளைத்தன.

இங்கே முள்ளைப் பிடுங்குங்கள், சரி. பிடுங்கிய குழியில் நாணல் வர ஆற்றில் தண்ணீர் வேண்டாமா? 1944-ல் கட்டிய பூண்டியின் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போகிறது. அதில் உங்கள் வீட்டுக் குடமும் ஒன்று.