மெஷின் அலறினால் யார் காதில் விழும்?



டெய்லர் என்றதும் மலையகத்தில் நமக்கு நினைவுக்கு வருபவர், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர். இன்று நாம் சொல்லப்போவது வேறொரு டெய்லரைப் பற்றி. அமெரிக்கரான பிரெட்ரிக் டெய்லர். அவருடைய வேலை இரும்போடு.

ஸ்டோரில் ரோலரின் பல்சக்கரம் தேய்ந்தால் புதியதை மில்லிங் மெஷினில் வெட்டி எடுக்கலாம். பல பற்கள் கொண்ட வெட்டுக்கருவி சுழன்று சுழன்று இரும்பைச் சீவும். சில வேளை மெஷின் திடீரென்று அலறத் தொடங்கும். வெட்டிய இடத்தில் அலை அலையாகத் தழும்பு விழும். கருவியின் பல்லும் உடையும். இந்த அதிர்வுக்கு 'சட்டர்' என்று பெயர்.

டெய்லர் 1880இல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 26 ஆண்டுகளில் 8 இலட்சம் இறாத்தலுக்கு மேல் இரும்பைச் சீவித் தள்ளினார். தொழிலாளியின் கைப்பழக்கத்தை எல்லாம் விதியாக எழுதி, நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடலாம் என்று நம்பியவர் அவர். ஆனால் 1907இல் வெளியான அவரது அறிக்கை, இந்த அதிர்வுக்குச் சரியான விதி எழுதுவது கடினம் என்று ஒப்புக்கொண்டது.

காரணம் தெளிவானது 1950களில். செக்கோஸ்லோவாக்கியாவில் துலுஸ்தியும், இங்கிலாந்தில் டோபியாசும் அதை விளக்கினார்கள். ஒரு பல் விட்டுச்சென்ற அலைத்தடத்தின் மேல்தான் அடுத்த பல் வெட்டுகிறது. சீவும் தடிப்பு கூடிக் குறைவதால் விசையும் கூடிக் குறைகிறது. இப்படி அதிர்வு தன்னைத் தானே வளர்க்கிறது.

அதைப் பிடிக்கத்தான் உணரிகள். சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் கண்டதும் அதே 1880இல்தான். அந்தப் பளிங்கை வைத்துச் செய்த உணரியை மெஷினில் பொருத்துகிறார்கள். 4 பற்கள் உள்ள கருவி நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், செக்கனுக்கு 100 வெட்டு. 100, 200, 300 என்று வரும் அதிர்வுகள் வழமையானவை. இடையில் 730 போன்ற ஒன்று ஓங்கினால் அது சட்டர். கூலி, டூக்கி இருவரும் 1965இல் வெளியிட்ட கணித முறையால் கணினி இதை நொடியில் பிரித்தறிகிறது. பிறகு வேகத்தை மாற்றலாம், அல்லது வெட்டும் ஆழத்தைக் குறைக்கலாம்.

உணரி வருவதற்கு முன்னர் இந்த வேலையைச் செய்தது தொழிலாளியின் காதும் கையும்தான். நம் ஸ்டோர்களிலும் நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங்கில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2013இலிருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. நம் பிள்ளைகள் 'உணரி' என்பதைப் பரீட்சை விடையாகப் படிக்கிறார்கள். அதையே காதால் செய்த மனிதர் பக்கத்து லயத்தில் இருக்கலாம். மெஷின் கெடப்போவதை எப்படி அறிந்தீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்; எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் உரக்கத்தான் கேட்க வேண்டியிருக்கும். அந்த மெஷின்களின் இரைச்சல் பலரின் காதைக் கொண்டுபோய்விட்டது.