கார்டிசோன் வந்த கதையும் முதுகெலும்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் அவசியம் படியுங்கள்.

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு புது ஊசி போடப்பட்டது. சில நாளில் அவர் எழுந்து நடந்தார், கடைவீதிக்கே போய் வந்தார்! அந்த மருந்துதான் கார்டிசோன். மாட்டுப் பித்தத்திலிருந்து பல படிகளில் தயாரித்தது. மருந்து கொடுத்த ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து 1950இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டே வருஷத்தில் நோபல் என்பது சாதாரணமில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு 16 வருஷம் முந்தைய ஒரு கட்டுரை. 1932இல் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை மருத்துவர் ஒரு விசித்திர நோயை விவரித்தார். உருண்டை முகம், பருத்த வயிறு, முதுகு வலி, கூன். சிலருக்கு உயரமே குறைந்துபோயிருந்தது. உடம்பிலேயே கார்டிசோன் வகைச் சுரப்பு மிதமிஞ்சிப் போனால் வருவது அது என்று பின்னால் தெரிந்தது. ஆக, இந்தச் சரக்கு அதிகமானால் எலும்பு என்னாகும் என்பதற்குச் சாட்சி, மருந்து வருவதற்கு முன்பே ஏட்டில் இருந்தது. அதிசயத்தின் வெளிச்சத்தில் அதை யார் பார்த்தார்கள்? 1950களில், தொடர்ந்து சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு நொறுங்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தார்கள்.

காரணம் எளிது. எலும்பு என்பது தினமும் கொஞ்சம் இடித்துக் கொஞ்சம் கட்டப்படும் சுவர். ஸ்டீராய்டு கொத்தனார்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது, இடிப்பவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். குடலில் கால்சியம் சேர்வதும் குறைகிறது. முதல் ஆறு மாதத்தில்தான் இழப்பு வேகம். எலும்பைக் காக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததோ 1995இல்!

இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து. வெளியிலிருந்து வருவதை நம்பி நம் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே மோசமாகலாம். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை.

மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட வேண்டும் என்றால், "என் எலும்புக்கு என்ன ஏற்பாடு?" என்று அவரிடம் கேளுங்கள். டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பு மருந்து என்று அவர் முடிவு செய்வார். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கால்சியம் மாத்திரையைத் தாங்களாகவே கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.