ஆசியாவின் பெயரால் ஒரு பட்டம்

வரலாறு என்றவுடன் மாணவர் உள்ளத்தில் எழுவன மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே ஆகும். பாடநூல்கள் அவ்வாறே அமைந்துள்ளமையால் அவர்களைக் குறை கூறுதற்கில்லை. எனினும், ஒரு காலத்து மக்கள் மாலை வேளையில் எங்கே கூடினர், எதைக் கண்டு ஆரவாரித்தனர், யாரைத் தம் வீரனாகக் கொண்டாடினர் என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே. அத்தகைய கேளிக்கைகளுள் ஒன்று, நம் முன்னோர் 'குஸ்தி' என வழங்கிய தொழில்முறை மல்யுத்தம். அதன் பட்டங்களுள் ஒன்றான அனைத்தாசிய இரட்டையர் பட்டம் தோன்றி வளர்ந்த கதை, ஆசியா என்னும் சொல்லை யார் யார் எவ்வெவ்வாறு எடுத்தாண்டனர் என்பதை நமக்குக் காட்டவல்லது. ஜப்பானில் பிறந்த அப்பட்டத்தை முதன்முதலில் வென்ற இருவரும் சிங்கப்பூர், மலாயா மேடைகளில் புகழ் பெற்றவர்கள். ஆதலின் அக்கதையில் நமக்கும் ஒரு பங்குண்டு.

இரட்டையர் போட்டியின் இயல்பு

பூப்பந்தில் இரட்டையர் ஆட்டத்தை நாம் அறிவோம். அங்கே இருவரும் ஒருங்கே களத்தில் நின்று ஆடுவர். மல்யுத்த இரட்டையர் போட்டி அத்தகையதன்று. ஓர் அணியில் இருவர் இருப்பினும் ஒரு நேரத்தில் ஒருவரே கயிற்று வேலிக்குள் பொருதலாம். மற்றவர் மூலையில், கயிற்றுக்கு வெளியே காத்திருத்தல் வேண்டும். உள்ளிருப்பவர் கைநீட்டித் தோழரின் கையைத் தொட்ட பின்னரே இருவரும் இடம் மாறலாம். இவ்விதியே இப்போட்டியின் உயிர்நாடி. அடிபட்டவன் தவழ்ந்து வருவான். கயிற்றுக்கப்பால் நிற்பவன் கையை நீட்டித் துடிப்பான். விரல்கள் தொடவிருக்கும் நேரத்தில் எதிரி காலைப் பற்றி இழுத்துச் செல்வான். அரங்கம் முழுதும் எழுந்து நின்று கூவும்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுவன என்பதை இங்கே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுதல் நன்று. அவ்வாறாயின் அதற்கு வரலாறு ஏது எனச் சிலர் வினவக்கூடும். தெருக்கூத்தில் இரணியன் இறுதியில் மடிவான் என்பதை அறியாதார் இலர். அறிந்தும் மக்கள் விடியும்வரை அமர்ந்திருப்பதில்லையா? யாரை வெல்லச் செய்வது, யாரை வீழச் செய்வது என நடத்துநர் எடுக்கும் முடிவே, அக்கால மக்கள் எதைக் காண ஏங்கினர் என்பதற்குச் சான்றாகிறது. முடிவு புனையப்பட்டதாயினும் ஏக்கம் உண்மையானது.

தெருமுனைத் தொலைக்காட்சி

இரட்டையர் போட்டியை ஜப்பானிய மக்கள் பெருந்திரளாகக் கண்டது 1954ஆம் ஆண்டில்தான். அந்நாளில் அமெரிக்க மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருந்தது. வட்டார நடத்துநர்கள் தத்தமக்கெனப் பட்டங்களை வைத்திருந்தனர். வட்டாரப் பட்டமாயினும் அதற்கு 'உலகப் பட்டம்' என்றே பெயர் சூட்டுவதும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் இரட்டையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர்கள் கனடாவைச் சேர்ந்த பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்னும் உடன்பிறப்புகள். இருவரும் நெடிதுயர்ந்த உருவினர். அவர்களை ஜப்பானுக்கு அழைத்து வந்தவர் ரிக்கிடோசான்.

ரிக்கிடோசான் சூமோ மல்யுத்தத்தில் உயர்நிலை எய்தியவர். 1950இல் சூமோவைத் துறந்து, 1951இல் தொழில்முறை மல்யுத்த மேடை ஏறினார். ஹவாயிலும் அமெரிக்காவிலும் பயின்று திரும்பி, 1953இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தை நிறுவினார். 1954 பிப்ரவரி 19ஆம் நாள் தோக்கியோவின் குராமே அரங்கில், புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவைத் துணையாகக் கொண்டு ஷார்ப் உடன்பிறப்புகளை எதிர்த்தார்.

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி அப்பொழுது ஓராண்டே ஆகியிருந்தது. பெட்டியின் விலை எளியோர்க்கு எட்டாதது. ஆதலின் தனியார் நிலையம் தெருமுனைகளிலும் இரயில் நிலையங்களின் முன்பும் பெட்டிகளை நிறுவியது. அவற்றின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் கண்டது என்ன? வெள்ளையர் இருவர் மாறி மாறிக் கிமுராவை வருத்துகின்றனர். பின்னர்க் கை தொட்டு உள்ளே பாயும் ரிக்கிடோசான், விரித்த கையின் விளிம்பால் அவ்விருவரையும் வெட்டிச் சாய்க்கிறார். போரில் தோற்ற நாடு அது. அந்நியப் படையின் ஆட்சி 1952 ஏப்ரலில்தான் முடிவுற்றிருந்தது. சொல்லில் அடங்காத மனக்குறை ஒன்றுக்கு அந்தக் கைவெட்டு வடிகாலாயிற்று.

1955: நால்வர் நின்ற மேடை

மறு ஆண்டு ஆசியா என்னும் சொல் உலகெங்கும் ஒலித்த ஆண்டாகும். 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்தது. ஜப்பானும் அதில் பங்கேற்றது. அதே ஆண்டு நவம்பரில், ரிக்கிடோசானின் சங்கம் அனைத்தாசியப் பட்டங்களை ஏற்படுத்திப் போட்டிகளை நடத்தியது.

'ஆசியா ஆசியருக்கே' என்னும் முழக்கத்தை மலாயா மக்கள் அதற்கு முன்பே ஒருமுறை கேட்டிருந்தனர். 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆட்சியின் முழக்கம் அது. அந்த முழக்கத்தின் நிழலில்தான் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பல்லாயிரவர். பத்து ஆண்டுகளே கடந்த நிலையில், அதே தோக்கியோவில் அதே சொல் ஒரு மல்யுத்தப் பட்டத்தின் பெயரில் இடம்பெற்றது. இம்முறை அது எவரையும் கொல்லவில்லை. எனினும் அச்சொல்லுக்குரியவர் யாவர் என்னும் வினா எஞ்சியே நின்றது.

1955 நவம்பர் 16ஆம் நாள் இரட்டையர் பட்டத்தின் இறுதிப் போட்டி நடந்தது. மேடையேறிய நால்வரையும் ஒவ்வொருவராக நோக்குவோம்.

முதலாமவர் கிங் காங். எமில் சாயா என்பது அவரது இயற்பெயர். 1909இல் திரான்சில்வேனியாவின் பிராசோவ் நகரில் பிறந்த அங்கேரியர். இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் பொருது, சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டவர். 'ஹேப்பி வோர்ல்டு' கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் அவர் பெயரைக் கேட்டாலே கூட்டம் நிறையும். இரண்டாமவர் பஞ்சாபியரான டைகர் ஜோகிந்தர் சிங். 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்து தொழில்முறை மல்யுத்தம் பயின்ற தாரா சிங்கைப் போன்று, இவரும் நம் வட்டார மக்களுக்கு அறிமுகமானவர்.

எதிரணியில் ரிக்கிடோசானுக்குத் துணை நின்றவர் ஹெரால்டு சகாட்டா. ஹவாயில் பிறந்த ஜப்பானிய வழியினர், குடியுரிமையால் அமெரிக்கர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றவர். பிற்காலத்தில், 1964இல் வெளிவந்த 'கோல்டுஃபிங்கர்' திரைப்படத்தில் தொப்பியை எறிந்து கொல்லும் அடியாளாக நடித்து உலகறிந்தவரும் இவரே.

நான்காமவர் ரிக்கிடோசான். அவரைப் பற்றிய உண்மையைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

அப்போட்டியில் கிங் காங்கும் ஜோகிந்தர் சிங்கும் வென்றனர். ஆசியாவின் முதல் இரட்டையர் வெற்றிவீரர்களாக ஓர் அங்கேரியரும் ஒரு பஞ்சாபியரும் முடிசூடினர். ஆறு நாள்கள் கழித்து, நவம்பர் 22இல், தனிநபர் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் ரிக்கிடோசான் கிங் காங்கை வீழ்த்தினார். நடத்துநரின் கணக்கு விளங்குகிறதன்றோ? துணையோடு நின்று இழந்ததை வீரன் தனித்து நின்று மீட்டான் எனக் கதை நிறைவுற்றது. இரட்டையர் பட்டம் பின்னர்ச் சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 1960இல் மீண்டும் போட்டிக்கு வந்தது. அவ்வாண்டு ரிக்கிடோசானும் டோயோனோபோரியும் அதனை வென்றனர்.

மறைக்கப்பட்ட பிறப்பு

ஜப்பானியரின் மானத்தை மீட்டவர் எனப் போற்றப்பட்ட ரிக்கிடோசான், ஜப்பானில் பிறந்தவர் அல்லர். 1924இல், ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த கொரியாவின் வடபகுதியில் பிறந்தவர். கிம் சின் ராக் என்பது பெற்றோர் இட்ட பெயர். சூமோ பயில ஜப்பானுக்கு வந்தவர், நாகசாக்கியைச் சேர்ந்த மொமோத்தா குடும்பத்தின் பெயரை ஏற்று, மொமோத்தா மிட்சுஹிரோ ஆனார். நாகசாக்கி மாநிலத்து ஓமுராவில் பிறந்தவர் என்றே அவரைப் பற்றி எழுதப்பட்டது.

ஏன் மறைத்தார்? கொரியர் என்றால் வேலை மறுக்கப்பட்ட காலம் அது. மணவுறவும் வாடகை வீடும்கூட எளிதிற் கிட்டா. மேலும், தெருமுனையில் திரண்ட கூட்டம் தேடியது ஜப்பானிய வீரனையே. தம் பிறப்பை அவர் வெளியிட்டிருந்தால் அந்த ஆரவாரம் என்னவாகியிருக்கும்? அந்த அச்சத்தோடே அவர் வாழ்ந்தார். அனைத்தாசிய வெற்றிவீரர் என்னும் பட்டத்தைத் தாங்கிய அவரால், ஆசியாவில் தாம் பிறந்த மண் எதுவென்று அரங்கில் நின்று கூற இயலவில்லை. 1963 சனவரியில் தென்கொரியா சென்று வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8இல் தோக்கியோவின் இரவு விடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு, டிசம்பர் 15இல் உயிர் நீத்தார். அகவை 39. அவர் கொரியர் என்பது ஜப்பானியப் பொதுமக்களிடையே பரவலாகத் தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

மாணாக்கர் கையில் பட்டம்

ஆசிரியர் மறைந்தாலும் பட்டம் மறையவில்லை. 1964இல் டோயோனோபோரியும், பேஸ்பால் பந்துவீச்சாளராயிருந்து மல்யுத்தத்துக்கு வந்த ஜயன்ட் பாபாவும் அதனை வென்றனர். பின்னாளில் அதனை இணைந்து வென்ற மற்றோர் இணை, அந்தோனியோ இனோக்கியும் கின்தாரோ ஓகியும் ஆவர். இனோக்கி, சிறு வயதில் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டத்தில் உழைத்தவர். 1960இல் ரிக்கிடோசானால் கண்டெடுக்கப்பட்டவர். ஓகியின் இயற்பெயர் கிம் இல். அவர் கொரியர். ரிக்கிடோசானின் புகழைக் கேள்வியுற்று, 1958இல் முறையான அனுமதியின்றிக் கடல் கடந்து ஜப்பானை அடைந்தார், பிடிபட்டார், ரிக்கிடோசானின் முயற்சியால் விடுவிக்கப்பட்டு அவர்தம் மாணாக்கரானார்.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையிலான வேறுபாடு இங்கே கருதத்தக்கது. ஜப்பானில் கின்தாரோ ஓகியாகப் பொருதவர், தென்கொரியாவில் கிம் இல்லாகவே மேடையேறினார். அவர் தலையால் மோதி எதிரியை வீழ்த்தும் காட்சியைக் காணத் தென்கொரிய மக்கள் தொலைக்காட்சியின் முன் குழுமினர். 2006இல் அவர் மறைந்தபோது அந்நாடு அவரைத் தன் வீரராகவே வழியனுப்பியது. ஆசிரியர் மறைத்த பிறப்பை மாணாக்கர் இரு பெயர்களோடு வெளிப்படையாகச் சுமந்தார்.

1972இல் பாபாவும் இனோக்கியும் தனித்தனியே சங்கங்களை நிறுவினர். மறு ஆண்டு ரிக்கிடோசானின் பழைய சங்கம் கலைந்தது. 1976இல் பாபாவின் அனைத்து ஜப்பான் சங்கம் இரட்டையர் பட்டத்துக்குப் புத்துயிர் அளித்தது. அதற்கு மேலான பட்டங்கள் வேறு ஏற்பட்டமையால் அது இரண்டாம் நிலைக்கு இறங்கி, இளம் வீரர்கள் தம்மை மெய்ப்பிக்கும் படிக்கல்லாயிற்று. ஆயினும் ஜப்பானில் இன்றும் வழக்கிலுள்ள மல்யுத்தப் பட்டங்களுள் மிகப் பழையது அதுவே. கொரியரும் கனடியரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் அதனைத் தாங்கியுள்ளனர். இனோக்கியோ 1995 ஏப்ரலில், தம் ஆசிரியர் பிறந்த வடகொரியாவின் தலைநகரிலேயே மாபெரும் மல்யுத்த விழாவை நடத்தினார். ரிக்கிடோசானின் பிறப்பைப் பற்றி மறைப்பதற்கு அப்பொழுது ஒன்றுமில்லை. கேட்டு மகிழ அவர்தாம் இல்லை.

நாம் கற்க வேண்டுவன

கிங் காங் 1970இல், கார் விபத்தில் அடைந்த காயங்களால் சிங்கப்பூரில் காலமானார். பிராசோவில் பிறந்து, தோக்கியோவில் ஆசியப் பட்டம் வென்று, நம் அண்டை மண்ணில் அடங்கிய அவர் எந்நாட்டவர்? அந்நாளில் அவரைக் காணச் சீட்டு வாங்கிய எவரும் இவ்வினாவை எழுப்பியதாகத் தெரியவில்லை. அவர் எங்குப் பிறந்தார் என்பதைவிட, அன்றிரவு வருகிறாரா என்பதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. அதே உரிமை ரிக்கிடோசானுக்குக் கிட்டவில்லை. அவரைப் போற்றிய மக்களே அவர் வாயை அடைத்துவிட்டனர் என்று கூறினும் மிகையாகாது.

ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் வகுப்பறைகளிலும் தன் ஊரைச் சொல்லத் தயங்கும் பிள்ளை உண்டு. தந்தையின் தொழிலைக் கேட்டால் தலைகவிழும் பிள்ளை உண்டு. பிறப்புப் பத்திரம் இன்மையால் பெயர்ப் பதிவின்போது ஒதுங்கி நிற்கும் பிள்ளையும் உண்டு. விளையாட்டிலோ பேச்சிலோ அப்பிள்ளை பரிசு பெறும்போது நாம் கைதட்டுகிறோம். அதன் முழு வரலாற்றையும் கேட்டறிந்த பின்னரும் அதே கைதட்டு கிட்டும் என்னும் நம்பிக்கையை நாம் அதற்கு அளித்திருக்கிறோமா?

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. கிங் காங்கையும் தாரா சிங்கையும் நேரில் கண்ட பாட்டன்மார், பாட்டிமார் இன்று சிலரே உள்ளனர். அவர்களை அணுகுங்கள். எந்த அரங்கிற்குச் சென்றனர், யாருடன் சென்றனர், சீட்டு என்ன விலை, யாருக்காகக் கூவினர் எனக் கேளுங்கள். கேட்டதை அவர்தம் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதி, நாளும் இடமும் குறித்து வையுங்கள். பட்டங்களின் பட்டியலை எங்கோ ஒருவர் காத்து வைத்திருப்பார். கூட்டத்தில் நின்றவர்களின் நினைவைக் காக்க வேண்டியவர்கள் நீங்களே.