ஆணி விற்றவரே ஆணி வேண்டாம் என்றார்

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மலையேறுகிறவர்கள் ஒரு காலத்தில் பாறை வெடிப்பில் இரும்பு ஆணி அடித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறுவார்கள். கடைசியாக வருகிறவர் ஆணியைத் தட்டிப் பிடுங்குவார். அடுத்த கூட்டமும் அதே இடத்தில் அடிக்கும். பாறை சிதைந்தது.

அந்த ஆணிகளைச் செய்து விற்றவர் இவான் ஷுனார்ட். அவர் வியாபாரத்தில் சுமார் 70 சதவீதம் ஆணிதான். 1970-இல் எல் கேப்பிட்டன் பாறையின் கோலத்தைப் பார்த்தபின், அவரும் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும் அதைக் கைவிடத் தீர்மானித்தார்கள்.

1972-இல் வெளியிட்ட விலைப்பட்டியலில், சுத்தியல் இல்லாமல் கையாலேயே செருகி எடுக்கும் அலுமினியக் கட்டைகளை முன்வைத்தார்கள். அவற்றைப் பயன்படுத்தும் முறையை டக் ராபின்சன் 14 பக்கங்களில் விளக்கினார். சில மாதங்களில் ஆணி விற்பனை படுத்தது, கட்டைகளுக்குக் கிராக்கி.

தன் வரும்படியையே பணயம் வைத்துச் சொன்னதால் சொல் எடுபட்டது. பழைய ஆணித் தழும்புகள் மட்டும் இன்றும் பாறையில் இருக்கின்றன.